விசுக்கோத்துப் பதிவு

கண்டி,
ஆவணி 2008

அன்பும் மதிப்புமுள்ள மங்களேஸ்வரி மாமிக்கு,

மருமகள் சிவதாரணி எழுதுவது. உங்கள் முழங்கால் உளைவு இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், நானும் சுகம். மாமாவும் சுகந்தான். ஆனால் நேற்றிலிருந்து அவர் கம்பளைக்காரர். வருகிற வியாழக்கிழமை கண் ஒப்பரேசனுக்குப் போகமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். இந்த வியாழன் தவறினால் அடுத்த திகதி மார்கழியில்தான். அதுவரை இங்கே தங்க அவருக்குப் பொலிஸ் அனுமதியில்லை. நீங்கள் ஒரு சத்தம் போட்டால்தான் சரிவரும். எங்கள் தொலைபேசி மாமாவின் கதிரைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், நாளை யாழ்ப்பாணத்துக்குப் பிளேனில் வரும் வரதராசா மாஸ்டரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். எங்கள் கந்தோரில் இணையத்தில் நிரப்பும் கருத்துக்கணிப்புகள் தயாரிக்கிறோம். இப்போது ஒரு விசுக்கோத்துக் கொம்பனிக்கு. கடதாசிப் படிவம் எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்கும். பிள்ளைகள் இல்லை என்று எழுதியவரிடம் அடுத்த வரியிலேயே பிள்ளைகளுக்கு எந்த விசுக்கோத்துப் பிடிக்கும் என்று கேட்கும். எங்களுடையது ஒருவர் சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றிக்கொள்ளும். தேத்தண்ணீர் குடிப்பதில்லை என்றால் அந்தக் கதையை அத்தோடு விட்டுவிடும். வேண்டாத கேள்வி கேட்காத நாகரிகம் மனிதர்களிடமே குறைவு, ஒரு இயந்திரத்துக்காவது பழக்கலாம் என்று நினைத்துத்தான் இதைச் செய்தேன்.

தமிழ்ப் பிரதியைப் பரீட்சிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. மாமா சும்மா இருந்தார். கந்தோர் மடிக்கணினியைக் கொண்டுவந்து, எழுத்தைப் பெரிதாக்கி, அவர் முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். சொந்த இடம் எது என்று அது கேட்டிருக்கிறது. மாமா யாழ்ப்பாணம் என்று அமத்தியிருக்கிறார். வெளியிலிருந்து வந்தவர்களின் ருசி மாறியிருக்கிறதா என்று கொம்பனிக்குத் தெரியவேண்டுமாம், ஆகவே நான் வைத்திருந்த அடுத்த கேள்வி: கண்டிக்கு எப்போது வந்தீர்கள்? அதற்கடுத்தது: யாருடைய வீட்டில் தங்கியிருக்கிறீர்கள்? அதற்கடுத்தது: எவ்வளவு காலம் தங்குவீர்கள்? ஒரு வீட்டுக்கு எத்தனை பக்கற் போகும் என்று கணக்குப் பார்க்கத்தான், மாமி, சத்தியமாக. மாமா எழும்பி முன்கதவைச் சாத்திவிட்டு வந்து, திரையில் அந்தச் சொந்த இடக் கேள்விக்கே திரும்பிப் போய், யாழ்ப்பாணத்தை அழித்துக் கம்பளை என்று போட்டிருக்கிறார்.

கண்டி ஸ்டேசன் பலகையில் பெயரைப் பார்த்ததைத் தவிர கம்பளையை அவருக்குத் தெரியாது. கம்பளையில் எந்தக் கடையில் வாங்குவீர்கள் என்று அது கேட்க, எப்படியும் ஒன்று இருக்கும் என்ற நம்பிக்கையில் லாபிர் ஸ்டோர்ஸ் என்று எழுதியிருக்கிறார். வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்க, அந்த ஊரில் வேரூன்றியவர் போல் இருக்கட்டும் என்று ஏழு என்றிருக்கிறார். அது விடுமா? ஒவ்வொரு பிள்ளையின் வயதையும் விருப்பத்தையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறது. உங்களுக்கு இப்போது கம்பளையில் ஏழு பிள்ளைகள், மாமி. கடைசிக்கு நாலு வயது, இஞ்சி விசுக்கோத்துத்தான் பிடிக்கும். மாமா தன் வயதில் மட்டும் பொய் சொல்லவில்லை, எழுபத்தொன்று என்றே போட்டிருக்கிறார்.

எல்லாம் முடிய நான் எழுதிவைத்த வரி வந்திருக்கிறது: “நன்றி. உங்கள் பதில்கள் பதிவு செய்யப்பட்டன.” நான் குசினியிலிருந்து வரும்போது மாமா சட்டைப் பையிலிருந்த, கண்டியில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“பிள்ளை, ஆர் பதிஞ்சது?”

“ஒருத்தருமில்லை மாமா, கொம்பியூட்டர்.”

“அது ஆற்றை கொம்பியூட்டர்?”

“கந்தோர்ற்றை.”

“கந்தோர் ஆற்றை?”

பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றுவதில் மாமா என்னைவிடக் கெட்டிக்காரர்.

“பொலிசில யாழ்ப்பாணம் எண்டு பதிவு. இதில கம்பளை எண்டு பதிவு. ஆசுபத்திரியில ஐடென்டிட்டி காட் கேப்பினம். மூண்டையும் ஒண்டா வைச்சுப் பாத்தா நான் ஆர்?”

“அண்ணை, விசுக்கோத்து விக்கிறவனுக்கு உங்கட கண்ணில என்ன அலுவல்?” என்றார் அம்மா.

“அலுவல் இல்லாதவன் நான் எப்ப வந்தனான் எண்டு ஏன் கேட்டவன்? நான் வரேல்லை. கண் இப்பிடியே கிடக்கட்டும்.”

இன்று கந்தோரில் என்னோடு வேலை செய்யும் மஸீனாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். “பதிவுன்னு போட்டா எங்க வாப்பாவும் எந்திரிச்சு ஓடுவார்” என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். எனக்கும் அப்படியொரு பொலிஸ் துண்டு இருக்கிறது, மாமி, அலுமாரியில் புத்தகங்களுக்கு நடுவில். அந்தக் கடைசி வரியில் ‘பதிவு’ என்ற சொல்லை எழுதும்போது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

ஆகவே கடிதம் கண்டதும் தயவுசெய்து தொலைபேசி எடுங்கோ. ஒப்பரேசன் செய்யாவிட்டால் திரும்பி வரவேண்டாம் என்று சொல்லுங்கோ. கொஞ்சம் அழுதாலும் நல்லது. உங்களுக்கு அது வராது என்று தெரியும், என்றாலும் முயற்சி செய்யுங்கோ. அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னார். எல்லாரையும் கடவுள் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

அன்பு மருமகள்,
சிவதாரணி

பி.கு: தொலைபேசி எடுக்கவேண்டாம் மாமி. உறையை ஒட்டமுதல் மாமா வந்தார். தன் பதிலை அழிக்கலாமா என்று கேட்டார். கண்ணுக்கு முன்னாலேயே அழித்தேன், ஏழு பிள்ளைகளும் போய்விட்டார்கள். அந்தக் கடைசி வரியையும் “உங்கள் பதில்கள் கிடைத்தன” என்று மாற்றினேன். அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “அப்ப உண்மையைப் போடுவம்” என்று உட்கார்ந்தார். வந்த நாள், தங்கும் வீடு எல்லாம் ஒளிக்காமல் சொன்னார். பிறகு, நேற்றுப் பாதியில் திரும்பிப் போய்க் கம்பளை என்று மாற்றியதால் பார்க்காத ஒரு கேள்வி வந்தது: யாழ்ப்பாணத்தில் எந்த ஊர்? பட்டியலில் உங்கள் மயிலிட்டி இல்லை. கொம்பனி ஏஜண்டுகள் உள்ள ஊர்களைத்தான் எனக்குத் தந்தார்கள். தொண்ணூறாம் ஆண்டிலிருந்து பாதுகாப்பு வலயம் என்று சனம் போகமுடியாத இடத்தில் ஏஜண்ட் ஏது? நானே சேர்த்தேன். உடனே, அங்கே எந்தக் கடையில் வாங்குவீர்கள் என்று கேட்டது. பாலாம்பிகை ஸ்டோர்ஸ் என்று யோசிக்காமல் சொன்னார். கடைசியாக எப்போது வாங்கினீர்கள் என்றது: இந்தக் கிழமை, போன கிழமை, ஒரு மாதத்துக்கு மேல். மாமா திரைக்குக் கிட்டக் குனிந்து மூன்றாவதை அமத்தினார். “பொய்யில்லைத்தானே, பிள்ளை?” என்றார். இல்லை மாமா என்றேன். வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வெளிக்கிடவேண்டும் என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.