மேக்னட்டுக்குத் தமிழில் என்ன?

என்னைப் பார்த்து நடுங்காத பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் குறைவு. நான் நடுங்கிய கதையை மட்டும் அவர்களிடம் சொன்னதே கிடையாது. சொன்னால் நாளைக்கு எவன் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டு வருவான்?

எண்பதுகளின் கடைசி. அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அவர் ரிட்டயர் ஆகப்போகிற வருஷத்தில்தான் நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணியாக வேண்டும். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பிவிட ஆசை. எனக்கோ ஆவடியை விட்டுப் போவதை நினைத்தாலே அழுகை வந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வேறு, "பி.எட். முடிச்சிட்டு வாம்மா, சயின்ஸ் டீச்சர் இடம் உனக்குத்தான்" என்று சொல்லி வைத்திருந்தார்.

அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஏட்டி, பாஸாயி வேலையில சேந்தேன்னா இங்கயே பக்கத்துல கோவில்பதாகையில வாடகைக்கு வீடு பாப்போம். ஃபெயிலாயிட்டேன்னா பெட்டியக் கட்டு. ஊர்ல மாப்பிள்ளை ரெடியா இருக்கான்."

(மாப்பிள்ளையை நான் பார்த்திருந்தேன். அதனால்தான் அப்படி விழுந்து விழுந்து படித்தேன்.)

எழுத்துத் தேர்வுக்கு நான் பயப்படவில்லை. என் தூக்கத்தைக் கெடுத்தது செய்முறைத் தேர்வு. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் நிஜப் பிள்ளைகளுக்கு நாம் பாடம் நடத்த வேண்டும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். இதில் ஒரு சட்டம் உண்டு. பாடத்தின் தலைப்பை டீச்சர் தன் வாயால் சொல்லக் கூடாது. சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டுப் பிள்ளைகளின் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும். வந்த பிறகு போர்டில் எழுதிவிட்டுத்தான் பாடமே ஆரம்பம். "தலைப்பை நீயே உளறினியோ, மார்க்கை மறந்துடு" என்று எங்கள் பேராசிரியை வருஷம் முழுக்க மிரட்டியிருந்தார்.

எனக்கு விழுந்த தலைப்பு காந்தம். அல்வா மாதிரி தலைப்பு என்று குதித்தேன். ஒரு அட்டை, அதன்மேல் குண்டூசி. அட்டைக்கு அடியில், பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். அடியில் காந்தத்தை நகர்த்தினால் மேலே குண்டூசி தானாக நடக்கும். வீட்டில் ஒத்திகை பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் "காந்தம்!" என்றார்கள். வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

தேர்வு நாளன்று ஆறாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் தேர்வாளர், மூக்கு நுனியில் கண்ணாடி. புடவைத் தலைப்பை மூன்று தடவை இழுத்துச் செருகிக்கொண்டு குண்டூசியை நடக்கவிட்டேன்.

"இது எப்படி நடக்குது?"

"மேக்னட்டு, டீச்சர்!" வகுப்பே அலறியது.

முதல் பெஞ்சுப் பையன் விளக்கமே கொடுத்தான். "அட்டைக்கு அடில மேக்னட்ட வெச்சிகினு இஸ்துகினு போறீங்க. எங்க ஊட்லயும் கீது, டீச்சர்."

தமிழ்வழி வகுப்பு. போர்டில் "மேக்னட்டு" என்று எழுத முடியுமா? "வெரி குட். தமிழ்ல சொல்லுங்க பாக்கலாம்" என்றேன்.

"தமிழ்லதான் டீச்சர் சொன்னோம். மேக்னட்டு!"

"கா"வில் ஆரம்பிக்கும் என்றேன். "காயில்" என்றது ஒரு குரல். (கம்பிச் சுருள். அதுவும் ரேடியோவுக்குள் இருப்பதுதான். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், நான்தான்...) "காந்..." என்று இழுத்தேன்.

"காந்தி நகர்! எங்க ஊடு அங்கதான் கீது!"

"அது இல்ல. காந்... காந்..."

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் பயந்துபோய் எழுந்து நின்றாள். "டீச்சர், நான் பேசல டீச்சர்." அவள் பெயர் காந்திமதி.

பாதி நேரம் ஓடிவிட்டது. போர்டு பளிச்சென்று காலியாக இருந்தது. தேர்வாளர் குனிந்து ஏதோ எழுதினார். எனக்குக் கண்ணுக்குள் மாப்பிள்ளை சிரித்தார், மூட்டைகளோடு ரயில் நின்றது. குண்டூசி இன்னமும் அட்டையில் சுற்றிச் சுற்றி வந்தது. "இன்னா டீச்சர், எத்தினி வாட்டி சொல்றது?" என்று முதல் பெஞ்சு சலித்துக்கொண்டது. அந்த நேரத்தில் என் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. அட்டையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைசி பெஞ்சுக்கு நடந்தேன். தேர்வாளரின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"நீ சொல்லு. இது எதனால நடக்குது?"

(ஆமாம். "நீ" என்றுதான் சொன்னேன். ஐயோ!)

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவோடு திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"மேக்னட்" என்றார்.

வகுப்பு கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. "பாத்தீங்களா டீச்சர்! சாரும் அதான் சொல்றாரு!"

அவர் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுந்து முன்னால் போனார், சாக்பீஸை எடுத்தார், போர்டில் பெரிதாகக் "காந்தம்" என்று எழுதினார். "மேக்னட்டுக்குத் தமிழ்ல இதான். ம், நடத்தும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். மிச்சமிருந்த நேரத்தில் வடதுருவம், தென்துருவம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டி முடித்தேன்.

வெளியே வந்ததும் கேட்டார். "ஏம்மா, பசங்க மொதல் கேள்விக்கே பதில் சொல்லிட்டாங்க. 'ஆமா, தமிழ்ல அதைக் காந்தம்னு சொல்வோம்'னு எழுதிட்டுப் போயிருக்கலாமே?"

"தோணல சார்" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

ரிசல்ட் வந்தபோது செய்முறையில் தட்டுத்தடுமாறி பாஸ். எந்தப் புண்ணியத்தில் என்று கேட்காதீர்கள். வேலையில் சேர்ந்தேன். அப்பா முணுமுணுத்துக்கொண்டே கோவில்பதாகையில் வீடு பார்த்தார். நடந்ததை வீட்டில் சொல்லித் தொலைத்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் டம்ளர், ஸ்பூன் என்று நிம்மதியாகச் சொல்ல முடிந்ததில்லை. உடனே யாராவது "தமிழ்ல?" என்பார்கள். அம்மாவிடமிருந்து என் கணவருக்கு, அவரிடமிருந்து மகளுக்கு என்று அது தொற்றிக்கொண்டே வந்தது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்து நான் கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு பொண்ணு இருக்கா. ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தனோடயே தினமும் டீ குடிக்கிறா. லீவு நாள்லயும் போன்ல பேசுறா. அவன் ஊருக்குப் போனா இவளுக்குச் சோறு இறங்கல. இதுக்குப் பேரு என்ன?"

கத்தி நின்றுவிட்டது. "அடிப்பாவி" என்றேன். "லவ்வாடி?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"தமிழ்ல சொல்லும்மா."