டாக்டரம்மாவிடம் பாதி விலை

பேரத்தில் நான் தோற்றதில்லை. ஒரகடம் கூட்ரோட்டில் எட்டு வருஷமாகக் காயலான் கடை. கம்பெனிக்காரன் பழைய இரும்புக்கு என்ன விலை சொன்னாலும் பாதியில் ஆரம்பிப்பேன், பாதியிலேயே முடிப்பேன். என் கல்யாணப் பூசைக்கு ஆறு பாட்டு என்றார் ஃபாதர். மூணுக்கு இறக்கினேன்.

அதனால் டாக்டரம்மா, "பாப்பா தினமும் ரெண்டு மணி நேரம் ஓடணும், ஆடணும்" என்றபோது எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

பாப்பா என்றால் என் மகள் லீலா. வயசு பதினொன்று, எடை அறுபத்திரண்டு கிலோ. ரத்தத்தில் சுகர் எல்லைக்கோட்டில் நின்றது. ஈரலில் கொழுப்பு. கழுத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. அழுக்கென்று நினைத்து, தேய்த்துக் குளி என்று எத்தனை நாள் கத்தியிருப்பேன்! அது அழுக்கில்லையாம். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாம். "இப்படியே விட்டா பதினைஞ்சு வயசுல மாத்திரை" என்றார் டாக்டரம்மா. எனக்குப் பயம் வந்தால் குரல் ஏறும்.

"ரெண்டு மணியா? ஸ்கூலு, டியூசனு... எங்கம்மா டைம் கீது? அரை மணி!"

"ஒண்ணே முக்கால்."

"முக்கால்!"

"குழந்தை உடம்புக்குப் பேரமா சார்?"

"ஒரு மணி. கடைசி விலை. இல்லாட்டி வேற டாக்டரைப் பாத்துக்கறேன்."

என் மனைவி அற்புதமேரி தலையைக் குனிந்துகொண்டாள். அவமானம் போல என்று நினைத்தேன்.

"சரி, ஒரு மணி" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஒரு நாள்கூட விடக்கூடாது. நீங்களே கூட்டிகிட்டு ஓடணும்."

"முடிஞ்சது!" என்று மேஜையைத் தட்டினேன்.

மறுநாள் காலை வண்டிச் சாவியைக் காணோம்.

"மேரி! சாவி எங்கடி?"

"வண்டியில போறதுக்கா ஒத்துகினு வந்தீங்க? நடங்க."

வல்லக்கோட்டை ரோட்டோரம் பிளாட் போட்டு விற்காமல் கிடந்த நிலத்தில், எல்லைக் கல்லுக்குக் கல் ஓட்டம். கம்பெனி ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து பையன்கள் கையாட்டினார்கள். முதல் வாரம் லீலா அழுதாள். நானும்தான். மூன்றாவது வாரம் அவள் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி நின்றாள்.

"இன்னாப்பா, லோடு லாரி மேடு ஏர்ற மாதிரி மூச்சு வுடறே?"

மூன்று மாசம் கழித்து அவளைக் கடைத் தராசில் ஏற்றினேன். அறுபத்தொன்று இருநூறு. எண்ணூறு கிராம்! இந்த எண்ணூறு கிராமுக்கா நான் நாயாய் ஓடினேன்? புது டெஸ்ட் எடுத்து, மேரியையும் லீலாவையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் பாய்ந்தேன்.

"இன்னாம்மா ஏமாத்தறீங்க? எடை அப்படியே கீது!"

"இது இரும்பு இல்ல சார், எடையை வச்சு மதிப்பு போட. இங்க பாருங்க. சுகர் இறங்கியிருக்கு. ரத்தக் கொழுப்பு இறங்கியிருக்கு. ஈரல் தேறிகிட்டு வருது. உயரமும் வளந்திருக்கா. எடை மெதுவா வரும்."

லீலாவின் கழுத்தைப் பார்த்தேன். பட்டை வெளுத்திருந்தது. மனைவி பக்கம் திரும்பினேன்.

"பாத்தியா மேரி? ரெண்டு மணி தேவையே இல்ல. என் பேரம்தான் புள்ளையக் காப்பாத்திச்சு!"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"குழந்தைக்குத் தேவை ஒரு மணிதான் சார். 'எங்க வூட்டுக்காரர் பாதியாக்குவாரு, டபுளா சொல்லுங்க'ன்னு உங்க வீட்டம்மா, நீங்க முதல்ல வந்ததுக்கு முந்தின நாளே போன் பண்ணிட்டாங்க."

கிளினிக் சுவரெல்லாம் என்னைப் பார்த்தது.

"இப்ப விட்டுடாதீங்க" என்று டாக்டரம்மா என் தொப்பையைப் பார்த்தார். "பாப்பாவோட ஓடறது போக, நீங்களும் தனியா தினமும் ஒரு மணி நடக்கணும்."

இவர்கள் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. நான் பாதியாக்குவேன் என்று காத்திருக்கிறார்கள். ஆக்குவேனா?

"ஒரு மணிதானே? சொன்ன விலைக்கே சரி!" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

ஷேர் ஆட்டோவில் மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"இன்னாடி சிரிப்பு?"

"உங்க வயசுக்கு அரை மணி போதுமாம்ங்க."