லிமிட் சாமியும் செத்துப்போன பில்களும்

கொச்சி மட்டாஞ்சேரியில் யாரை வேண்டுமானாலும் புரிந்துகொண்டுவிடலாம். எங்கள் லிமிட் சாமியைப் புரிந்துகொள்ள பிரம்மாவே வந்தாலும் திணறிப்போவார்.

மிளகு ஏற்றுமதி செய்யும் எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவர் அவர். பாலக்காட்டுக்காரர். எல்லாருடைய புரோகிராமும் ஒரே சர்வரில் ஓடும். எது எவ்வளவு மெமரி தின்னலாம் என்று சாமி லிமிட் வைத்திருந்தார். மீறினால் சிஸ்டம் அந்தப் புரோகிராமைக் கொன்றுவிடும். முன்னறிவிப்பாக ஒரு இருமல்கூடக் கிடையாது. என் பில் புரோகிராம் தினமும் பாதியில் செத்துக் கிடக்கும்.

“சாமி, நான் ஒண்ணும் செய்யல்லியே! ஏன் சாகுது?”

“உன் பக்கத்து சீட் ரோஸி ரிப்போர்ட் எடுத்தா. அதாக்கும்.”

“அவ எடுத்தா என்னோடது ஏன் சாகணும்?”

“எடோ செந்திலே, நீங்க ரெண்டு பேரும் ஒரே குரூப்பு. லிமிட்டும் குரூப்புக்குத்தான். ரெண்டும் சேர்ந்து அதை மீறிச்சு. உன்னோடது பெரிசு, சிஸ்டம் அதைப் பிடிச்சுக் கொன்னுது. மனசிலாச்சோ?”

மனசிலாகவில்லை.

“கேட்டப்போ சிஸ்டம் மெமரி தந்துதே சாமி?”

“கேட்டா தலையாட்டும். எடுத்து உபயோகிக்கப் போனாத்தான் இருக்கான்னு பாக்கும்.”

எங்கள் மானேஜர் லீவு தருவதும் இப்படித்தான் என்பதால், இது மட்டும் கொஞ்சம் பிடிபட்டது.

சாமிக்கு ஒரு செல்லப்பிள்ளை உண்டு. தனக்குத்தானே செஸ் ஆடிப் பழகும் புரோகிராம், அவரே எழுதியது. மாதக்கணக்காகப் பழகியதெல்லாம் மெமரியிலேயே இருந்தது. டிஸ்கில் சேமிக்கும் வேலையை ‘நாளைக்கு’ என்று தள்ளிக்கொண்டே வந்தார். எங்களுடையவை செத்து விழ, அது மட்டும் கொழுத்துக்கொண்டே போனது. அதற்குச் சாமி தனிச்சலுகை கொடுத்திருக்கிறார் என்று ரோஸி மாதாமேல் சத்தியம் செய்தாள்.

ஒரு மழைநாளில் கப்பல் பில் மதியத்துக்குள் போகாவிட்டால் என் வேலை போய்விடும் என்றார் மானேஜர். புரோகிராமோ மறுபடி மறுபடி செத்தது. சாமியிடம் ஓடினேன். அவர் தன் திரையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எங்கள் குரூப்பின் லிமிட்டை உயர்த்தினார். சர்வரே மெமரி இல்லாமல் முக்கி முனகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பில் முழுசாக வந்திருந்தது.

“சாமி! சாகல்லே!”

அவர் திரையில் செஸ் செத்திருந்தது.

“அய்யோ, அதுக்குத் தனிச்சலுகை இல்லியா?”

“உண்டே. உங்க குரூப் லிமிட்டில்ல, மொத்த சர்வர்லயே மெமரி தீந்தா அதைத்தான் முதல்ல கொல்லணும்னு அன்னிக்கே எழுதி வெச்சிருக்கேன். என் விளையாட்டுக்காக ஒருத்தன் சோறு போகப்படாது.”

சாமி அதை முதல் ஆட்டத்திலிருந்து மறுபடி தொடங்கினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு செஸ்ஸும் தெரியாது. அந்த மனுஷரைத் தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.