ஐந்து வருஷ வேண்டுதல்

"இன்னும் ரெண்டு சுத்து சுத்துடி" என்று காலை நீட்டினான் கருணாகரன். சுளுக்கே இல்லாத காலுக்கு வரிந்து வரிந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள் தேவயானி.

மறுநாள் சாயங்காலம் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி. ஐந்து வருஷத்துக்கு முன், கான்ட்ராக்ட் ஆளாக இருந்தபோது, 'பர்மனென்ட் பண்ணு தாயே, தீ மிதிக்கிறேன்' என்று வேண்டிக்கொண்டான். அம்மனும் பண்ணிவிட்டாள். அன்றிலிருந்து திருவிழா நோட்டீஸைப் பார்த்தாலே இவன் வேறு தெருவில் திரும்பிவிடுவான். பவர் ஹவுஸ் கொதிகலன் பக்கத்தில் வேலை பார்க்கிற மனுஷன்தான். வெறுங்காலில் நெருப்பு என்றால் மட்டும் பத்தடி தள்ளி நிற்பான். மிதிக்காமல் விட்டால் கொடுத்த வேலையை அம்மன் பிடுங்கிக்கொள்வாளோ என்று அதற்கும் நடுங்குவான்.

இந்த வருஷம் ஷிப்ட் ஆட்களே இழுத்துக்கொண்டு போய்க் காப்புக் கட்டிவிட்டார்கள். தேவயானி ஒருத்திதான் அவன் பக்கம். "முடியலன்னா வுடுங்க. அம்மன் என்ன கோர்ட்டுலயா கேஸ் போடப்போவுது?" என்பாள். தங்கமான பெண்டாட்டி.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கூட வேலை பார்க்கும் தாஜுதீன் இறங்கினான்.

"கால் சுளுக்காமே கருணா? ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

"வேணாம் பாய், தானா சரியாயிடும்."

"தீ மிதிக்கணும்னு அஞ்சு வருசமா சொல்லிக்கினு இருக்க. உன் வேண்டுதல் நின்னுபோவ நான் வுடுவனா?"

டாக்டர் கட்டைப் பிரித்தார், காலைத் திருகிப் பார்த்தார், "ஓட்டப்பந்தயமே ஓடலாம்" என்றார்.

திரும்பும்போது கருணாகரன் அடுத்த சாக்கை எடுத்தான். "நாளைக்கு எனக்கு செகண்ட் ஷிப்ட் பாய். லீவு கெடைக்காது."

"உனக்குப் பதிலா நான் பாக்கறேன்னு எழுதியே குடுத்துட்டேன்."

படுபாவி, நல்லது செய்தே கொல்கிறானே!

தேவயானிதான் வழி சொன்னாள். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் இரண்டு ஆம்லெட்டை விழுங்கினான். நேரே பூசாரி சங்கரலிங்கத்திடம் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"வெரதம் கெட்டுப்போச்சு சாமி. ரெண்டு ஆம்லெட் துன்னுட்டேன்."

பூசாரி கண்ணை மூடி யோசித்தார்.

"அப்ப ஒரு தரம் பத்தாது. மூணு தரம் மிதிச்சாத்தான் குத்தம் தீரும்."

"ஐயோ சாமி! ஒண்ணுதான்! அதையும் வாயில வெச்ச ஒடனே துப்பிட்டேன்!"

"துப்பிட்டியா? அப்ப ஒரு தரமே போதும். அஞ்சு மணிக்கு வந்துடு."

சாயங்காலம் குழி முழுக்க நெருப்பு சிவந்து கிடந்தது. மஞ்சள் வேட்டியோடு வரிசையின் கடைசிக்கே நகர்ந்துகொண்டிருந்தான் கருணாகரன். தேவயானி அவன் கையை இறுகப் பிடித்தாள். "வேணாங்க. மயக்கம் வருதுன்னு சொல்லிப் படுத்துடுங்க." அவள் முகத்தில் அவனைவிடப் பயம்.

படுத்திருப்பான். ஆனால் சொன்ன சொல்லுக்குப் பயந்து ஐந்து வருஷம் ஓடியாகிவிட்டது. நெருப்பைவிட அந்த ஓட்டம்தான் இப்போது சுட்டது. "தாயே!" என்று அலறிக்கொண்டு இறங்கினான். எண்ணி எட்டே எட்டு அடி. குழிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து குனிந்து பார்த்தான். கால் இரண்டும் இருந்தன.

"தேவயானி! மிதிச்சுட்டேண்டி!" என்று அழுகையும் சிரிப்புமாய்த் திரும்பினான். அவளோ கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

பூசாரி மைக்கைப் பிடித்தார். "எங்கம்மா ஓடற? ஊட்டுக்காரரு என்னிக்கு மிதிக்கிறாரோ அன்னிக்கே நானும் மிதிக்கிறேன்னு அஞ்சு வருசத்துக்கு முன்னாடி வேண்டிக்கினியே, வந்து எறங்கு!"