ஆபத்தில்லை, தாராளமாகத் திறக்கலாம்

தேவராஜ மொஹல்லா, மைசூரு
ஞாயிறு காலை

அக்கா மகன் சிரஞ்சீவி கவின்ராஜுக்கு மாமா லிங்கப்பனின் ஆசிகள். நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. உன் அத்தை நாச்சம்மாள் என்னோடு பேசி இரண்டு நாளாகிறது.

போன மாதம் யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைத் திறந்து என் போன் கெட்டதும், நீ பெங்களூரில் இருந்தபடியே ஓர் ஏற்பாடு செய்து தந்தாய். வினிதா கல்யாணத்துக்கான ஃபோல்டரில் எதைப் போட்டாலும் இயந்திரமே வைரஸ் உண்டா என்று சோதித்து, இரு வீட்டாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஃபைலின் இணைப்போடு முடிவைச் சொல்லிவிடும். உன் மேல் குற்றமில்லை. குற்றமெல்லாம் என் முப்பத்திரண்டு வருட ரெக்கார்டு ரூம் உத்தியோகத்தின் மேல். அட்டையைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரியும்படி குறிப்பு எழுதுவது என் பழக்கம், கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் பெயர் வைப்பேன். வெள்ளிக்கிழமை, பத்திரமாக இருக்கட்டுமே என்று, வரன் பார்த்த காலத்து ஃபைல்கள் பதினொன்றையும் அந்த ஃபோல்டருக்கு மாற்றினேன். குழுவில் வரிசையாக வந்து விழுந்தன. 'கொள்ளேகால் வரன் - பையனுக்கு முன்கோபம்: சோதித்தாயிற்று. ஆபத்தில்லை, தாராளமாகத் திறக்கலாம்.' பதினோராவது, 'நஞ்சுண்டசாமி மகன் தருண்குமார் - பையன் தங்கம், அப்பா பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்: சோதித்தாயிற்று. ஆபத்தில்லை, தாராளமாகத் திறக்கலாம்.' அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம். நஞ்சுண்டசாமிதான் நமக்குச் சம்பந்தியாகப் போகிறவர். ஃபைலை அழிப்பது எங்கள் ரெக்கார்டு ரூமில் நடக்காத காரியம், அதனால் பதறிப்போய்ப் பெயரை மட்டும் மாற்றினேன். பெயர் மாறினால் புது ஃபைலாம். 'நஞ்சுண்டசாமி - அளவாகப் பேசுபவர், முன்பு எழுதியது தவறு: சோதித்தாயிற்று. ஆபத்தில்லை' என்று அதுவும் போய்விட்டது.

"ஏனுங்க, ரிட்டயர் பண்ணி அனுப்புனவங்க அந்தப் பேனாவயும் புடுங்கிட்டு அனுப்பியிருக்கக் கூடாதுங்களா" என்றாள் உன் அத்தை. அதுதான் கடைசிப் பேச்சு. வினிதா திட்டவில்லை. "பரவால்லப்பா, விடுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனாள். அந்தப் பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, கவின். தினம் பத்து முறை போன் செய்கிற சம்பந்தி இரண்டு நாளாக மௌனம். அவர் பேசாமல் இருப்பது இத்தனை பயமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு உடனே பஸ் ஏறி வா. எனக்காக அவரிடம் நீ பேசு, நேரில் போய் நிற்க எனக்கு முகமில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். உன் வேலை மென்மேலும் சிறக்கட்டும், எங்கள் வீட்டைத் தவிர.

இப்படிக்கு,
மாமா லிங்கப்பன்

பின்குறிப்பு: இதை மெயிலில் அனுப்புமுன், பழக்கதோஷத்தில் 'கவினுக்குக் கடிதம் - சம்பந்தி பார்க்கக்கூடாது' என்று பெயர் வைத்து அதே ஃபோல்டரில் சேமித்துவிட்டேன். தாராளமாகத் திறக்கலாம் என்று இயந்திரம் சொல்ல, சம்பந்தி திறந்து படித்துவிட்டுப் போன் செய்தார். "எங்கூட்டுக்காரி முப்பது வருசமா சொல்லிட்டிருக்கறா, நான் நம்பவே இல்லீங்க. நீங்க ஃபைலே போட்டுட்டீங்க. செரி, ரெண்டு நாளு பேசாம இருந்து பாக்கலாம்னு இருந்தேன். முடியலீங்க சம்பந்தி." ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். நான் குறுக்கிடவில்லை. வினிதா பக்கத்தில் நின்று கேட்டபடியே நாலு தோசை சாப்பிட்டாள். நீ வரவேண்டாம், இயந்திரமும் ஓடட்டும். இதைச் சேர்த்ததும் அது மறுபடி அறிவித்துவிடும். ஆகவே சம்பந்தி, வணக்கம். நிச்சயதார்த்தம் எத்தனை மணிக்கு என்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை.