இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்

முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறவர்களை மன்னித்துவிடலாம். அவர்களோடு சண்டையாவது போடலாம். இப்போது வேண்டாம் என்று சொல்கிறவர் தனி இனம். அவரோடு எப்படிச் சண்டை போடுவீர்கள்? உங்கள் நல்லதுக்குத்தானே சொல்கிறார்.

நம்முடைய ஆள் பகலில் அச்சகத்தில் பிழை திருத்துகிறார். சனிக்கிழமை மாலையானால் கழுத்தில் ஸ்கார்ஃப், தோளில் விசில் கயிறு, மார்பில் வரிசையாகப் பட்டைகள் என்று பள்ளி மைதானத்துக்கு வந்து சாரணர் மாஸ்டராகிவிடுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘அப்புறம் மாஸ்டர்’. அது அவருக்கும் தெரியும். பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அந்தக் குழுவில் நர்ஸின் மகள் ஒருத்தி. வயது பதின்மூன்று. முடிச்சு, முதலுதவி, கூடாரம், சமையல், வரைபடம் என்று இருக்கிற பேட்ஜையெல்லாம் வாங்கிவிட்டாள். உச்ச விருதுக்கு விண்ணப்பிக்க மாஸ்டரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மாதக் கடைசிக்குள் போகாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

மாஸ்டர் படிவத்தை வாங்கினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மேலிருந்து கீழ்வரை பென்சிலை ஓட்டினார், ஒரு பிழையும் கிடைக்கவில்லை. உடனே கவலைப்பட ஆரம்பித்தார். இந்த வயதில் உச்சத்தைத் தொட்டால் அப்புறம் எங்கே ஏறுவாள்? அவரே பதினேழு வயதில்தானே வாங்கினார்? அந்தச் சான்றிதழ் இன்றும் அவர் வீட்டுக் கூடத்தில், கடிகாரத்துக்கு மேலே, கண்ணாடி போட்டுத் தொங்குகிறது.

அன்றிலிருந்து பக்குவச் சோதனை. அவள் பேசினால் வாய்த்துடுக்கு, பேசாவிட்டால் தலைமைப் பண்பு போதாது. முகாமில் கூடாரத்தைச் சீக்கிரம் கட்டி முடித்தாள், அவசரக்காரி. அடுத்த முறை எல்லாருக்கும் உதவிவிட்டுக் கடைசியாகக் கட்டினாள், சுறுசுறுப்பு குறைந்துவிட்டதே.

மகளுக்காக நர்ஸ் ஒருநாள் வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே வந்து நின்றாள். விதியில் வயது ஒன்றும் சொல்லவில்லையே என்று பணிவாகத்தான் கேட்டாள். விதி வேறு, பக்குவம் வேறு என்று மாஸ்டர் முக்கால் மணி நேரம் விளக்கினார்.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள். “அந்தப் பொண்ணு ஏதாவது தப்பு பண்ணாளா?”

“தப்பு பண்ணா திருத்திடலாமே. ஒண்ணுமே பண்ணல. அதான் பயமா இருக்கு.”

மாதக் கடைசி வந்தது, போனது. படிவம் மைதானத்துச் சாமான் அறையில் அவர் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. அந்தச் சனிக்கிழமை அவள் கொடிக்கயிற்றைச் சுற்றி வைத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனாள். ஏறி ஓட்டவில்லை. அது மட்டும் மாஸ்டரை என்னவோ செய்தது. எல்லாம் அவள் நல்லதுக்குத்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஒரு வருஷம் ஓடியது. அவள் இப்போது அணித்தலைவி; புதிதாகச் சேர்ந்த பொடிசுகளின் முடிச்சுகளைச் சோதித்து ஏட்டில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. மாஸ்டர் சாமான் அறை வாசலில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். ஒன்பது வயதுப் பொடியன் ஒருவன், பல வாரம் முயன்று போட்ட முடிச்சை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவளிடம் வந்தான். அவள் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. திருப்பிப் போட்டு இழுத்தாள். அப்போதும் அசையவில்லை. பேனாவைத் திறந்தவள், கொஞ்சம் யோசித்து மூடிவிட்டாள்.

“நல்லாத்தான் போட்டிருக்கே. ஆனா என்ன அவசரம்? இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.”

பொடியனின் முகம் சுருங்கிப்போனது. மாஸ்டருக்கோ கண் கலங்கிவிட்டது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார், இழுப்பறையைத் திறந்தார், ஒரு வருஷத் தூசியை ஊதிவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

“இப்ப வந்துடுச்சும்மா பக்குவம்” என்று அவள் கையில் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமைக்குள் பிள்ளைகள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: ‘அப்புறம் அக்கா’.

சிரிக்கிறீர்கள். சரி, மேலே பதின்மூன்று வயது என்று படித்தபோது, கொஞ்சம் சின்னப் பெண்தானே என்று உங்களுக்கும் தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால் எழுந்து போய் உங்கள் மேசை இழுப்பறையை ஒரு தடவை திறந்து பாருங்கள். யாருடைய காகிதமாவது உள்ளே கிடக்கும். அதில் பிழை ஒன்றும் இருக்காது.