நடுவில் ஏறும் பயணி

கடல் தாண்டி இருக்கும் மைத்துனருக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் சுகம். அங்கே நீங்களும் தங்கச்சியும் கைக்குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்துவிட்டதாக உங்கள் அக்காள் சொன்னாள். முகம் யார் சாயல் என்று நான் கேட்டதும் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள்.

'நீங்கள்' போட்டு எழுதுகிறேனே என்று முகம் சுளிக்க வேண்டாம். ஒரு காலத்தில் வாடா மாப்ளே, போடா மாப்ளே என்று இருந்தவன்தான். மூன்று வருஷம் ஒருவரோடு பேசாமல் இருந்து பாருங்கள், மரியாதை தானாக வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறைக்கு ஒரு மாதம் வந்து தங்கச் சொன்னீர்களாம். "அவரையும் கூட்டிட்டு வா" என்றீர்களாம். அதை அக்காள் என்னிடம் மூன்று தடவை சொன்னாள். நானும் சரியாகக் காதில் விழாதவன் மாதிரி மூன்று தடவை கேட்டுக்கொண்டேன். நேராக வரும் டைரக்ட் விமானமா, நடுவில் இறங்கி மாறும் கனெக்டிங் விமானமா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னீர்கள். டைரக்ட் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஏன் அப்படிச் சொல்ல முடியவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் ஏதாவது சொல்லிவிடுவீர்கள், அல்லது ஒன்றுமே சொல்லாமல் இருப்பீர்கள். இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பில்லை.

என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். நான் போட்ட எந்த அட்டவணையிலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடின வண்டி கிடையாது. மனுஷன் இறங்க வேண்டும், காலை உதற வேண்டும், முகம் கழுவ வேண்டும். அதே கணக்கில்தான், மூன்று வருஷத்துக்கு முன் உங்கள் அப்பா உங்களைப் பார்க்கக் கிளம்பினபோது, பதினாறு மணி நேரம் ஒரே இருக்கையில் கிடந்தால் எழுபத்துமூன்று வயசுக் கால் வீங்கிப் போகும் என்று, நடுவில் ஐந்து மணி நேரம் நிற்கிற விமானமாகப் பார்த்து நானே பிடித்துக் கொடுத்தேன். "டைரக்டா போனா என்ன மாப்ளே?" என்று அவர் கேட்கத்தான் கேட்டார். நான் ஸ்கேலை வைத்து வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினேன். மாமியார் போனபிறகு அவர் யாரோடும் வாதாடுவதில்லை. சரி என்று விட்டார். அப்புறம் நடந்தது உங்களுக்கு என்னைவிடத் தெரியும். மாறுகிற ஊரில் இறங்கினவர் அடுத்த விமானம் ஏறவில்லை. அது புறப்பட்டுப் பதினோரு மணி நேரம் கழித்து, தரை துடைக்கிற அம்மா அவர் தோளைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். நீங்கள்தான் போய் உடலை எடுத்து வந்தீர்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "விமானம் கண்ணு முன்னாடி நிக்கறப்ப அப்பா ஏன் ஏறாம உக்காந்திருந்தாரு?" நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அதோடு நம் பேச்சு நின்றது.

ஆகையால் இந்தத் தடவை வீட்டில் டைரக்ட் என்று நான்தான் முதலில் சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவள் போனைத் தட்டி, டைரக்ட் வாரத்துக்கு மூன்று நாள்தான், கனெக்டிங் என்றால் தினமும் உண்டு, நடுவில் குளிக்கக்கூட அறை இருக்கிறது என்றெல்லாம் வாசித்தாள். சின்னவனுக்கு எதுவானாலும் ஜன்னல் இருக்கை. உங்கள் அக்காள் கீரை ஆய்ந்துகொண்டே, "மாறிப் போற விமானத்துலயே போலாம். அந்த ஊர் வழியாத்தான்" என்றாள். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் அட்டவணைக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் வாதாடினேன்.

செவ்வாய்க்கிழமை காலை நால்வரும் டிராவல்ஸுக்குப் போனோம். அங்கே இருப்பவரைக் கோட்டுக்காரர் என்போம். மின்விசிறி சுற்றாத அறையிலும் கோட்டைக் கழற்றமாட்டார். மேஜைமேல் ஒற்றை இறக்கை உடைந்த பொம்மை விமானம், எதிரே மூன்று நாற்காலி, நான்காவதாக ஒரு முக்காலி. முதலில் கம்ப்யூட்டரில் டைரக்ட் போட்டார். நாலு பேர். வேறொரு ஊர் வழியாகப் போட்டார். இரண்டு கட்டத்திலும் நாலு பேர். அக்காள் சொன்ன ஊர் வழியாகப் போட்டார். இங்கிருந்து அந்த ஊர்வரை நாலு பேர். அங்கிருந்து உங்கள் ஊர்வரை ஐந்து பேர்.

"கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது சார்" என்று அழித்துவிட்டு மறுபடி போட்டார். ஐந்து. தேதியை மாற்றினார், ஐந்து. விமானக் கம்பெனியையே மாற்றினார், அப்போதும் ஐந்து. கணக்கில் ஒரு தலை கூடினால் எனக்குத் தூக்கம் வராது என்பது ஊரறிந்த விஷயம், அதனால் நானே எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஐந்தாவது வரியில் இருந்த பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் தகப்பனார் பெயர் உங்களுக்குத் தெரியாததா? இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் இருந்த அதே எழுத்துப் பிழையோடு இருந்தது. வயது எழுபத்தாறு என்று போட்டிருந்தது. போகும்போது எழுபத்துமூன்றுதான். சக்கர நாற்காலி வேண்டாம். உப்புக் குறைத்த சாப்பாடு. இந்த இரண்டும் அன்றைக்கு என் வாயால் நான் சொல்லி எழுத வைத்தவை.

சின்னவன் எட்டிப் பார்த்து, "தாத்தாவுக்கு ஜன்னல் சீட்டு, எனக்கு நடு சீட்டா?" என்றான். பெரியவள் அவன் வாயைப் பொத்தினாள். உங்கள் அக்காள் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "உப்பு கம்மின்னு சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றாள்.

கோட்டுக்காரர் நல்ல மனுஷர். பழைய பதிவு எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும், தலைமை அலுவலகத்தில் சொல்லி எடுத்துவிடலாம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் பேசினாள். அன்பான குரல். அந்த ஐந்தாவது பயணியை எடுத்துவிடுங்கள் என்றார் இவர். "முடியாதே சார். அவங்க ஏற்கனவே செக்-இன் பண்ணிட்டாங்க. கேட்ல உக்காந்திருக்காங்க" என்றாள். "எந்தத் தேதிக்கும்மா? நாங்க இன்னும் டிக்கெட்டே எடுக்கலையே?" என்றார். அந்தப் பெண் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத் தேதிக்கும் இருக்காங்க சார். நீங்க எந்த நாள் போட்டாலும் அந்த நாளுக்கு அவங்க அங்க இருக்காங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று வைத்துவிட்டார். வைத்த பிறகு முதல் தடவையாகக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். உள்ளே சட்டை தெப்பமாக நனைந்திருந்தது.

வெளியே வந்ததும், இதெல்லாம் மெஷின் கோளாறு, நான் பஸ் நிலையத்தில் பார்க்காததா, செத்துப்போன கண்டக்டருக்கு ஏழு மாதம் டியூட்டி போட்ட ஊர் இது என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் கால் வைக்கும்போது என் போனில் ஒரு செய்தி வந்தது. 'உங்கள் குழுவில் ஒருவர் வாயில் நாற்பத்தாறில் காத்திருக்கிறார்.' பெரியவள் பார்த்துவிட்டு, "அப்பா, இது தானா வர்ற மெசேஜ். பயப்படாதீங்க" என்றாள். சொன்னவள் முகம் வெளுத்திருந்தது. அந்த எண்ணைத் தடுத்து வைத்தேன். புதன்கிழமை அது உங்கள் அக்காள் போனுக்கு வந்தது. வியாழக்கிழமை மத்தியானம், சின்னவன் வீட்டுப்பாடம் பார்க்கிற டேப்லெட்டில், பின்னக் கணக்குக்கு நடுவே வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும், உங்களுக்குத் தெரியும். அந்த டேப்லெட்டைப் பிடுங்கி, 'எதற்காகக் காத்திருக்கிறார்? புறப்பட வேண்டியதுதானே?' என்று பதில் அடித்தேன். மெஷினோடு சண்டை போடுகிறேனே என்று பிள்ளைகள் பார்த்தார்கள்.

பதில் உடனே வந்தது. 'பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை எழமாட்டார்.'

மாப்ளே, இதற்குமேல் எனக்கு 'நீங்கள்' வராது. 'பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை' என்பது எனக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரிந்த வார்த்தை. கிளம்புகிற அன்று அவருக்கு ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன். வாயில் நாற்பத்தாறு. போய் உட்காருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை எழாதீர்கள். யார் எழுந்தாலும் நீங்கள் எழாதீர்கள். அவர் படபடப்பானவர், யாராவது எழுந்தால் கூடவே எழுந்து வேறு விமானத்தில் ஏறிவிடுவார் என்று பயந்தேன். எங்கள் பஸ் நிலையத்தில் அப்படித்தான். நான் மைக்கில் கூப்பிடாமல் யாரும் பெஞ்சை விட்டு அசையமாட்டார்கள், ஏறாத ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் நான் வண்டியை விட்டதும் இல்லை. உலகம் பூராவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அந்த ஊரில் கூப்பிடுவதே கிடையாதாம். சத்தம் தொந்தரவாம். பலகையைப் பார்த்து அவரவர் எழுந்து போக வேண்டுமாம். அவர் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் எழுந்து போவதைப் பார்த்திருப்பார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்திருப்பார். மாப்பிள்ளை சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்று உட்கார்ந்தே இருந்திருக்கிறார். விமானம் போன பிறகுதான் நெஞ்சு நின்றது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாரே, அந்தக் காகிதத்தை நீ என்னிடம்தான் கொடுத்தாய். நான் அதை அப்புறம் படிப்பதாகச் சொல்லி வைத்துக்கொண்டேன். சாமான்களில் அந்த அட்டை இருந்ததா, நீ பார்த்தாயா, பார்த்துவிட்டுத்தான் என்னோடு பேசாமல் இருக்கிறாயா என்று மூன்று வருஷமாக எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிச்சல் இல்லை. அன்று வாசலில் நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். நான் சொன்னதால் உட்கார்ந்திருந்தார். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். டைரக்ட் விமானம். நாலு பேர். அந்த ஊரை முப்பத்தையாயிரம் அடி உயரத்தில், ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு தாண்டிவிடுவோம். கோழை என்று நினைத்தால் நினைத்துக்கொள். அங்கே இறங்கி நாற்பத்தாறாம் வாயிலைக் கடந்து நடக்க என்னால் ஆகாது. நாளைக் காலை பத்து மணிக்குக் கோட்டுக்காரரிடம் போய்ப் பணம் கட்டுகிறேன். இதைப் படித்தபிறகு எங்களை வர வேண்டாம் என்று சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை; அக்காளையும் பிள்ளைகளையும் மட்டும் கூப்பிட்டுக்கொள்.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைக்கு நூறு வயசு ஆரோக்கியம். உனக்கு, நீ வாங்கிக்கொள்வதாக இருந்தால், என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அக்காள் வீட்டுக்காரன்.

பின்குறிப்பு: வெள்ளி, மத்தியானம் ஒரு மணி. மேலே எழுதினதில் விமானம் சம்பந்தப்பட்ட எதையும் நம்ப வேண்டாம். பெரியவள் இதைப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவதற்கு முன் அக்காளிடம் படிக்கக் கொடுத்தேன். சமையலறையில் நின்றபடியே படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "அப்ப அவர யாரு போய் எழுப்பறது?" என்று கேட்டாள். பத்து மணிக்குக் கோட்டுக்காரரிடம் போனோம். அந்த ஊர் வழியாகவே போட்டாகிவிட்டது. முதல் கட்டத்துக்கு நாலு பேர், இரண்டாவது கட்டத்துக்கு ஐந்து பேர், எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சின்னவன் நடு இருக்கைக்கு ஒப்புக்கொண்டான். அங்கே இறங்கும்போது எனக்குக் கால் வருமா தெரியாது. ஆனால் முப்பத்தொரு வருஷம் பஸ் நிலையத்தில் கத்தின தொண்டை மாப்ளே, அது இன்னும் கெடவில்லை. சத்தம் போடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் என்னைப் பிடித்து உள்ளே போட்டாலும் சரி, நாற்பத்தாறாம் வாயிலில் நின்று அவர் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடப் போகிறேன்.